மூன்றாவது காது

அத்தியாயம் 9

க்ளோரின் பம்ப் முதல் தடவை விக்கியபோது ஜொல்தொஷின் வாயில் ஒரு போர்சோக், எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டு, இருந்தது. அடுத்த விக்கலுக்கு அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, இந்தச் சத்தம் என் தொண்டையில இருந்து வருதா, அதுல இருந்து வருதா?"

"அதுலதான். நீ மென்னு முடி. வாய்ல ரொட்டியை வெச்சுக்கிட்டு யோசிக்காதே."

"யோசிக்கிற வேலை உங்களுதுதானே? நான் சும்மா கேட்டேன்."

சல்கின் சுவரில் இருந்த எண்பலகையையும் அதன் கீழே உட்கார்ந்திருந்த பம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பலகையில் எண்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன. பம்ப் மட்டும் ஒன்றை அடித்தது, அடுத்ததை விழுங்கியது, மறுபடி ஒன்றை அடித்தது.

தெமிர்-புலாக் ஊருக்குப் போகிற தண்ணீர் முழுவதும் இந்த அறைக்கு வெளியே உள்ள பெரிய குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர். தண்ணீர் ஓட ஓட அது ஒயர் வழியாகச் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒரே துடிப்பை இரண்டு பேர் கேட்டார்கள். எண்பலகை கேட்டு எண்ணியது. பம்ப் கேட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் க்ளோரினைக் குழாய்க்குள் தள்ளியது. தண்ணீர் அதிகம் ஓடினால் மருந்தும் அதிகம். அவ்வளவுதான் ஏற்பாடு.

"ஒரே செய்தியை ரெண்டு பேருக்கும் சொல்றாங்க" என்றான் ஜொல்தொஷ். "ஒருத்தன் முழுசா கேக்குறான். இன்னொருத்தன் என் மாமியார் மாதிரி, வேணுங்கிறதை மட்டும் கேக்குறான்."

"காலையில நல்லாத்தானே கேட்டுச்சு?"

"காலையில ஜோரா அடிச்சுது. மத்தியானம் ஆனதும் காது அடைச்சிருச்சு."

சல்கின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியானத்தில் மட்டும். அப்படியானால் இரண்டு நாளைக்கு முன்னால் அவள் செய்தது பெரிய தவறு.

கோடை ஆரம்பத்தில் ஊரில் மஞ்சள் காமாலை பரவியது. ஆஸ்பத்திரி நடைபாதையிலும் கட்டில் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய ஐதுர்கன், வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனாள். தலைநகரிலிருந்து வந்த நிபுணர்கள் ஒரு வாரம் தங்கி எல்லாவற்றையும் சோதித்தார்கள். மீட்டர் சரி, பலகை சரி, பம்ப் சரி. கருவிகள் எல்லாம் சரியென்றால் தப்பு மனிதனிடம்தான் இருக்க வேண்டும். க்ளோரின் அறையைப் பார்த்துக்கொண்ட தொலோன் மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று முடிவு கட்டிக் கைது செய்தார்கள். அவன் இல்லை இல்லை என்று அழுதான்.

அப்போதுதான் ஷர்ஷென் போன் செய்தான்.

போலீஸில் சல்கினுக்கு வேலை கற்றுத் தந்தவன் ஷர்ஷென். ஒரு பொய் வழக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் நின்றபோது மொத்த இலாகாவிலும் அவள் பக்கம் வந்து நின்ற ஒரே ஆள். அதற்காகப் பதவி உயர்வை இழந்தவன். அவள் தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தாள். அவன் ஓய்வு பெற்று, சொந்த ஊரான இங்கே நீரேற்று நிலையத்துக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்து சேர்ந்தான். "வா தங்கச்சி. இந்தக் கேஸை நீ வந்து பாத்தாத்தான் ஊர் அடங்கும்" என்று கூப்பிட்டான். வந்தாள். அவன் காட்டியதையெல்லாம் பார்த்தாள். அவன் சொல்லித்தான் லாக்கப்பில் தொலோன் எதிரே உட்கார்ந்து, "ஒத்துக்குங்க அண்ணே. மறைக்க மறைக்கத் தண்டனைதான் கூடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று பேசினாள். நெடுநேரம் பேசினாள். தொலோன் ஒப்புக்கொண்டான். நாளை கோர்ட்.

ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டியபோது அவளுடைய உதவியாள் ஜொல்தொஷ்தான் கெடுத்தான். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸிடம் வழிந்துகொண்டு நின்றுவிட்டு வந்தவன், சும்மா இருக்காமல் ஒன்றைச் சொன்னான்.

"அக்கா, மேல்தெருக்காரனுக்குத்தான் மஞ்சள் காமாலை. கீழ்த்தெருக்காரனுக்கு வெறும் பொறாமை. ஆரஞ்சு, பிஸ்கட் எல்லாம் மேல்தெருவுக்கே போகுதாம்."

மருந்தில் தண்ணீர் கலந்திருந்தால் ஊர் முழுவதும் படுத்திருக்க வேண்டும். மேல்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் என்ன சாபம்? அங்கே குழாயில் நேரடியாகத் தண்ணீர் ஏறாது. மற்ற தெருக்கள் தண்ணீர் இழுக்காத மத்தியானத்தில்தான் மாடித் தொட்டிகளில் நிரப்பிக்கொள்வார்கள். சல்கின் மூட்டையை அவிழ்த்தாள். காலையிலிருந்தே ஜொல்தொஷோடு க்ளோரின் அறை ஜன்னலோரம் பம்ப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, புதிதாக வந்த ஆபரேட்டர் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தாள். சாவியை வாங்கும் வேலை ஜொல்தொஷுக்கு. இரண்டு சிகரெட்டும் ஒரு பொய்யும் செலவாயின.

"வா. மீட்டரைப் பாப்போம்" என்றாள்.

மீட்டர் வெளியே ஒரு குழிக்குள் இருந்தது. மேலே இரும்பு மூடி. ஜொல்தொஷ் மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஏணிப்படியில் சல்கினே இறங்கினாள். மீட்டரின் தலையிலிருந்து சாம்பல் நிற ஒயர் ஒன்று சுவரோடு போய், க்ளோரின் அறைப் பக்கம் திரும்பியது. சல்கின் டார்ச்சை அதன் மேலேயே நகர்த்திக்கொண்டு போனாள். குழாயின் முதுகுக்குப் பின்னால், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், சாம்பல் ஒயரின் இடுப்பிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பியது.

"ரெண்டு பேர் இல்லடா" என்றாள் மேலே பார்த்து. "மூணு பேர் கேக்குறாங்க."

ஜொல்தொஷ் தலைகீழாகக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னொருத்தன் கேட்டா இவனுக்கு ஏன் காது அடைக்குது?"

"மீட்டர் அனுப்புற துடிப்பு ரொம்ப மெலிசு. ரெண்டு பேருக்குப் பத்தும். மூணாவதா ஒருத்தன் வந்து உறிஞ்சினா மீதி பேருக்கு வலு குறைஞ்சு போகும். பலகைக்குக் காது கூர்மை, அது சமாளிச்சிருது. பம்புக்கு மந்தம். பாதியை விட்டுடுது."

"மூணு பேருக்குக் குடுக்கணும்னா என்ன பண்ணணுமாம்?"

"நடுவுல ஒரு சின்னப் பெட்டி வைக்கணும். அது துடிப்பை வாங்கி ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுக்கும். யாரும் யார் பங்குலயும் வாய் வைக்க முடியாது. கடையில கிடைக்கிற சாமான்தான். தொலோன் மாதிரி ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு வெச்சிருப்பாங்க."

"அப்போ இதைச் செஞ்சவன் தொழில் தெரிஞ்சவன் இல்ல."

"இந்தத் தொழில் தெரியாதவன்."

ஜொல்தொஷ் இன்னும் கொஞ்சம் உள்ளே தொங்கினான். "எலக்ட்ரீஷியன் இல்லவே இல்ல அக்கா. நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் வந்துட்டுப் போன இடத்துல ஒரு சிகரெட் துண்டு, ஒரு மறந்துபோன ஸ்க்ரூ, சுவத்துல ஒரு கைத்தடம் கட்டாயம் இருக்கும். இங்க பாருங்க, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு."

சல்கின் இணைப்பைக் கிட்டத்தில் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் கரண்ட்டை நிறுத்தி, ஒயரை வெட்டி, முனைகளைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். இங்கே ஒயர் வெட்டப்படவே இல்லை. அதன் தோலில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தெரிந்த செம்பின் மேல் புது ஒயர் நெருக்கமாக, ஒரு சுற்று மேல் இன்னொரு சுற்று ஏறாமல், சுற்றியிருந்தது. மேலே டேப்பை மெலிசாக இழுத்து ஒட்டி, கடைசி நுனியை உள்பக்கம் மடித்து அமுக்கியிருந்தார்கள். லைன் ஒரு விநாடிகூடச் செத்துவிடக் கூடாது என்று பயப்படுகிற ஒருவனுடைய வேலை. அடுத்தவர் பேசும்போதே கூடச் சேர்ந்து கேட்டுப் பழகியவனுடைய வேலை.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"அக்கா? கீழே என்ன, புதையலா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னு நீங்க சொல்ற விதமே சரியில்லையே."

"வாயை மூடிக்கிட்டுக் கையைக் குடு. மேலே வரணும்."

கறுப்பு ஒயர் குழியை விட்டு வெளியே வந்ததும் ஒரு பழைய ரப்பர் குழாய்க்குள் நுழைந்துகொண்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் போலத் தெரியட்டும் என்று. வேலிக்கு அடியில் போய், நெட்டிலிங்க மரங்களின் வேரோரமாகப் பள்ளத்தில் இறங்கியது. ஜொல்தொஷ் முன்னால் நடந்தான். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவன் வாய் ஓயாது. இப்போது அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

பள்ளத்தின் அடியில் ட்ரவுட் மீன் பண்ணை இருந்தது. நீளமான சிமென்ட் தொட்டிகள், அவற்றை ஒட்டி வாதுமை மரநிழலில் ஒரு சாப்பாட்டுக் கடை.

"இந்தக் கடைதானே அக்கா, நாம வந்த அன்னிக்கு மூடிக் கிடந்துச்சு? பழுதுபார்க்கிறோம்னு எழுதித் தொங்க விட்டிருந்தான். நான் பசியில செத்தேன்."

"நிபுணருங்க ஊர்ல இருந்த வாரம் முழுக்க மூடியிருந்துச்சு."

"தொலோன் ஒத்துக்கிட்ட மறுநாளே திறந்துட்டான்." ஜொல்தொஷ் நின்றுவிட்டான். "அவங்க சோதிச்சப்போ இந்த ஒயரோட இந்த முனை உறங்கிக்கிட்டு இருந்திருக்கு. அதான் எல்லாம் சரியா இருந்துச்சு!"

சல்கின் தலையாட்டினாள். அவள் கண் வேறெங்கோ இருந்தது. கடை வாசலில் பச்சை நிற நிவா கார் ஒன்று நின்றது. பின் கண்ணாடியில் விரிசல். அந்த விரிசல் எப்படி விழுந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு கடத்தல்காரனைத் துரத்தியபோது அந்தக் காரில் அவளும் இருந்தாள்.

ஜொல்தொஷும் காரைப் பார்த்தான். "அது ஷர்ஷென் அண்ணே கார்தானே. சாப்பிட வந்திருப்பார். நல்லதாப் போச்சு, அவரையும் கூட்டிக்கிட்டு..."

அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது.

"நீ திரும்பிப் பம்ப் ரூமுக்குப் போ" என்றாள் சல்கின். "ரோட்டு வழியா போ, நடுவுல அரசு வக்கீல் ஆபீஸ் இருக்கு. அந்த அம்மாவைக் கையோட கூட்டிக்கிட்டுப் போ. வர மாட்டேன்னா நாளைக்குக் கோர்ட்ல மானம் போயிரும்னு சொல்லு. அங்கே போனதும் எனக்குப் போன் பண்ணு. நான் எடுத்து மேஜை மேல வெப்பேன். நீ எதுவும் பேசாதே. நான் கேட்டா மட்டும் பதில் சொல்லு."

"அக்கா, நீங்க தனியா..."

"என்னை அவர் ஒண்ணும் பண்ண மாட்டார்." போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பண்ண வேண்டியதை ஏற்கெனவே பண்ணிட்டார்."

தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ரப்பர் குழாய் அதற்குள்தான் போனது. சல்கின் கதவைத் தள்ளினாள். சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பச்சை விளக்கு மினுக்கியது. பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் தரையில் இருந்த வால்வுக்குப் போனது. வால்வுக்கு வருகிற குழாய் மேட்டிலிருந்து இறங்கியது. ஊர்த் தண்ணீர் மீட்டருக்கும் க்ளோரினுக்கும் போய்ச் சேருவதற்கு முன்பே இங்கே ஒரு கிளை பிரிந்து வந்திருந்தது. ஊர் நிறையத் தண்ணீர் இழுக்கும்போது பெட்டி வால்வை மூடிக்கொள்ளும். ஊர் சும்மா இருக்கும்போது திறந்துவிடும். அப்படிச் செய்தால் எந்த வீட்டுக் குழாயிலும் வேகம் குறையாது, யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குத்தான் மீட்டரின் துடிப்பு இவர்களுக்கும் வேண்டியிருந்தது. காலையில் ஊரே தண்ணீர் பிடிக்கும் என்பதால் மத்தியானம்தான் பெட்டியைப் போடுவார்கள் போலும்.

போன் வரும்வரை அங்கேயே நின்றாள். வந்ததும் காதில் வைக்காமல் பிடித்துக்கொண்டு மரநிழலுக்கு நடந்தாள்.

ஷர்ஷென் தனியாக உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கல்பாக் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தான். எதிரே பொரித்த மீன். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் பொய்யே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வா தங்கச்சி! கிளம்பிட்டேன்னு நினைச்சேன். உக்காரு, உக்காரு. டேய், இன்னொரு மீன் போடு!"

"வேண்டாம் அண்ணே. பசியில்ல." போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "மீன் நல்லா இருக்கா?"

"பனிக்கட்டித் தண்ணியில வளந்தது. எப்படி இல்லாமப் போகும்?"

"க்ளோரின் தண்ணியில விட்டா?"

"செத்துப்போகும்." சொல்லிவிட்டு ஷர்ஷென் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கை அங்கேயே நின்றது. "ஏன் கேக்குறே?"

"கடை யாருது?"

"என் மச்சானுது. உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லல." அவள் உட்கார்ந்தாள். "கொட்டகையில ஒரு பெட்டி பாத்தேன். ஜொல்தொஷ், பம்ப் எப்படி இருக்கு?"

கவிழ்ந்து கிடந்த போன் பேசியது. "விக்கிக்கிட்டே இருக்கு அக்கா."

சல்கின் எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்தபோது ஷர்ஷென் அசையாமல் இருந்தான்.

"இப்போ?"

"நின்னுடுச்சு. சும்மா கடிகாரம் மாதிரி அடிக்குது."

ஷர்ஷென் மெதுவாகக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக. "எங்கே பிடிச்சே?"

"இணைப்புல. லைனை வெட்டாம ஜன்னல் திறந்து சுத்துறது இந்த ஊர்ல யாருக்கு வரும்? அடுத்தவங்க டெலிபோனை ஒட்டுக்கேக்க நீ கம்பத்து மேல ஏறிக் கட்டினப்போ, கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான்தானே அண்ணே."

"ஆமா" என்றான். குரலில் ஏதோ பழைய பெருமைகூட இருந்தது. பிறகு அது இறங்கியது. "மச்சானோட ஊத்து வத்திப்போச்சு தங்கச்சி. மீனெல்லாம் கண்ணு முன்னாடி வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. அவன் பொண்டாட்டி என் காலைப் பிடிச்சு அழுதா. கொஞ்சம் தண்ணி எடுத்தா ஊருக்கு என்ன குறைஞ்சுபோகும்னுதான் செஞ்சேன்."

"பம்ப்?"

"சத்தியமா தெரியாது! நான் போலீஸ்காரன், இன்ஜினியரா? ஒரு ஒயரைச் சேத்தா இன்னொரு இடத்துல மருந்து நிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்? தொலோன்தான் ஏமாத்தியிருக்கான்னு நானும்தான் நம்பினேன். உன்கிட்டச் சொன்னதும் நம்பித்தான் சொன்னேன்."

அவன் கண்கள் கலங்கின. சல்கினுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. தெரியாமல் செய்துவிட்டான். தண்ணீர் திருடினான், முட்டாள்தனம் பண்ணினான், அவ்வளவுதான். அந்தப் பழைய ஷர்ஷென் அப்படியே மிச்சம் இருக்கிறான். அவள் அதை நம்ப ஆசைப்பட்டாள். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டு நம்ப முயன்றதில்லை.

"வெயில்ல நடந்து வந்திருக்கே. முதல்ல தண்ணியக் குடி" என்று காலடியில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு கோப்பையில் ஊற்றி அவள் பக்கம் தள்ளினான். "பயப்படாதே, மலைச் சுனைத் தண்ணி. குழாய்த் தண்ணி இல்ல."

சல்கின் கோப்பையைத் தூக்கினாள். உதட்டருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள்.

"அண்ணே. உன் பொண்ணு கல்யாணம் எப்போ நடந்துச்சு?"

"என்ன கேள்வி இது? மே மாசம். நீதான் வந்திருந்தியே."

"வந்திருந்தேன். நான் தங்கின ரூமுக்கு நீயே ஒரு கேனைத் தூக்கிக்கிட்டு வந்தே. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினே. 'இந்த ஊர்க் குழாய்த் தண்ணி குடிக்காதே தங்கச்சி, பல்லு தேய்க்கக்கூட இதையே எடுத்துக்கோ'ன்னு சொன்னே. கல்யாண வீட்டுல ஆயிரம் வேலைக்கு நடுவுல என்னை நினைச்சியேன்னு ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாளல எனக்கு."

ஷர்ஷென் கேனின் மூடியைத் திருகி மூடினான்.

"முதல் ஆளு படுத்தது ஜூன்ல. மே மாசம் இந்தத் தண்ணியில ஒரு குத்தமும் யாரும் சொல்லல. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

தொட்டியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. கடைக்காரப் பையன் தட்டோடு வந்தவன், இவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான்.

"ஒயரைச் சேத்த அன்னிக்கே பாத்தேன்" என்றான் ஷர்ஷென் கடைசியில். "பம்ப் தடுமாறினதை என் கண்ணாலயே பாத்தேன். கொஞ்சம் மருந்து குறைஞ்சா யார் சாகப்போறாங்கன்னு நினைச்சேன்."

"ஐதுர்கன் செத்தா."

"தெரியும்."

"வயித்துல இருந்த பிள்ளையும்."

"தெரியும்னு சொன்னேன்ல!" மேஜையை அடித்தான். கோப்பை கவிழ்ந்து தண்ணீர் அவள் மடியில் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"அப்புறம் என்னை ஏன் கூப்பிட்டே? இத்தனை வருஷமா என்னைத் தெரியும் உனக்கு. நான் தோண்டுவேன்னு தெரியாதா?"

"என் பேச்சு இருக்கிற இடத்துல நீ தோண்ட மாட்டே." அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். "தொலோன் யார் கேட்டாலும் ஒத்துக்கல. அடிச்சும் பாத்தாங்க. நீ உக்காந்து பேசினா ஒத்துக்குவான்னு எனக்குத் தெரியும். உன் முகத்துல பொய் கிடையாது தங்கச்சி. நீ நம்பிச் சொன்னா எதிர்ல இருக்கிறவனும் நம்பிடுவான். அதுக்காகத்தான் கூப்பிட்டேன்."

இலாகாவே எதிர்த்து நின்றபோதுகூட சல்கினுக்கு இப்படி வலித்ததில்லை. அவர்கள் வேற்று ஆட்கள். இவன் அவளுடைய நேர்மையைத் தேர்ந்தெடுத்து, துடைத்து, கூர் பார்த்து, ஒரு அப்பாவியின் கழுத்தில் வைத்திருக்கிறான்.

ஷர்ஷெனின் பார்வை கவிழ்ந்து கிடந்த போனுக்குப் போனது. நெடுநாள் ஒட்டுக்கேட்டவன். அந்த முனையில் ஜொல்தொஷ் மட்டும் இல்லை என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"எத்தனை பேர் கேக்குறாங்க?"

ஜொல்தொஷின் குரல் வரவில்லை. அரசு வக்கீல் அம்மாவின் குரல் வந்தது. "நானும் கேக்குறேன் ஷர்ஷென். ஜீப் கிளம்பியாச்சு. இருக்கிற இடத்துலயே இருங்க."

ஷர்ஷென் கல்பாக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். நேராக வைத்தான். "நல்லாத்தான் கத்துக்கிட்டே" என்றான்.

சல்கின் எழுந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜீப் வரும் திசையைப் பார்த்தபடி நின்றாள். கடைசிவரை திரும்பவில்லை.

மாலை வெயில் சாய்ந்தபோது தொலோனை வெளியே விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவன் மனைவி கன்ஷாயிம் ஒரு கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தொலோன் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மனைவி போட்டுவிட்ட கோட்டுக்குள் கையை நுழைக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

சல்கின் எதிரே போய் நின்றாள். "அண்ணே, எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல."

தொலோன் அவளை நிதானமாகப் பார்த்தான். "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உள்ளே வந்து பேசினப்போ, நான்தான் பண்ணினேன்னு நிஜமாவே நினைச்சீங்களா? இல்ல, சும்மா ஒத்துக்க வெக்கப் பேசினீங்களா?"

"நிஜமாவே நினைச்சேன்."

"அதான்." தலையை ஆட்டினான். "உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். இந்தம்மா பொய் சொல்லல, அப்போ நான்தான் எங்கேயோ கை தவறிக் கலந்துட்டேனோன்னு எனக்கே தோணிப்போச்சு. அந்த டீச்சரம்மாவை நான்தான் கொன்னேன்னு நம்பிக்கிட்டு ரெண்டு நாள் உள்ளே படுத்திருந்தேன். அடி வாங்கினப்போகூட வலிக்கல. இது வலிச்சுது."

"கார்ல ஏறுங்க. வீட்டுல விடுறேன்."

"அவர் நடப்பார்" என்றாள் கன்ஷாயிம். சல்கினின் முகத்தைப் பார்க்காமலே கணவனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஜொல்தொஷ் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். சாவியைத் திருகினான்.

"ஊருக்கா அக்கா?"

"இல்ல. மேல்தெருவுக்கு. ஐதுர்கன் வீட்டுக்கு."

"இப்பவா? அரசு வக்கீல் அம்மா நாளைக்கு ஆள் அனுப்பிச் சொல்றேன்னாங்களே."

"தொலோன்தான் உன் பொண்டாட்டியைக் கொன்னவன்னு ஐதுர்கன் புருஷன் கையைப் பிடிச்சுச் சொன்னது நான். வேற ஆள் எதுக்குப் போகணும்?"

வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஐதுர்கனின் கணவன் கதவைத் திறந்தான். முகத்தில் பல நாள் தாடி. அவளைக் கண்டதும் விரைந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"வாங்கக்கா. நீங்க வந்தப்புறம்தான் நான் கொஞ்சமாவது தூங்குறேன். அந்தப் பாவி யாருன்னு தெரிஞ்சுடுச்சுல்ல, அது போதும் எனக்கு. உள்ளே வாங்க, டீ போடுறேன்."

சல்கின் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"டீ அப்புறம் தம்பி" என்றாள். "முதல்ல உக்காரு. நான் உன்கிட்டச் சொன்னது பொய்."